கேள்வி கேட்காத தொட்டில்

கராச்சி மாநகரின் பழைய பகுதிகளுள் ஒன்று மீட்டாதர். குறுகலான தெருக்களும் மொத்த வியாபாரக் கடைகளும் நிறைந்த இடம். அங்குள்ள ஒரு பழைய கட்டடத்தின் வாசலுக்கு வெளியே இரும்புத் தொட்டில் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. உள்ளே ஒரு மெத்தை, அவ்வளவுதான். பெற்ற குழந்தையைக் கொன்றுவிட வேண்டாம், இதில் கிடத்திவிட்டுச் செல்லலாம் என்ற கருத்தில் ஓர் அறிவிப்பும் உண்டு. வருபவர் யார், எந்த ஊர், குழந்தைக்குத் தகப்பன் யார் என்று கேட்பதற்காக அங்கே எவரும் அமர்த்தப்படவில்லை. இருட்டில் வந்து, குழந்தையை வைத்துவிட்டு, இருட்டிலேயே போய்விடலாம்.

உர்தூ மொழியில் 'ஜூலா' எனப்படும் இந்தத் தொட்டில்கள் பாகிஸ்தானில் 300க்கும் மேற்பட்ட இடங்களில் உள்ளன. இவற்றை நிறுவியவர்கள் அப்துல் சத்தார் ஈதி, அவருடைய துணைவியார் பில்கீஸ் அம்மையார் ஆகிய இருவர். ஈதி அவர்களின் ஆம்புலன்ஸ் வண்டிகளைப் பற்றி உலகமெங்கும் எழுதியிருக்கிறார்கள்; கின்னஸ் புத்தகத்திலும் இடம்பெற்றது அது. ஆனால் குடும்பங்களுக்கான இந்த இதழில் நாம் பேச வேண்டியது அந்த வண்டிகளைவிடத் தொட்டிலைப் பற்றித்தான் என்று கருதுகிறேன்.

ஈதி பிறந்த மண் நம் நாட்டைச் சேர்ந்தது. குஜராத்தின் கத்தியவார் பகுதியில் உள்ள பாண்ட்வா என்ற சிற்றூரில், மேமன் சமூகத்தில், 1928இல் பிறந்தார். பள்ளிக்குப் புறப்படும் சிறுவனிடம் தாயார் நாள்தோறும் இரண்டு பைசா கொடுப்பாராம். ஒன்று அவனுக்கு, மற்றொன்று அவனைவிட இல்லாத ஒருவருக்கு. மாலையில் கணக்குக் கேட்பார். இரண்டையும் தானே செலவழித்துவிட்டு வந்தால் கண்டிப்பும் உண்டு. அவருக்குப் பதினொரு வயதானபோது அந்தத் தாயைப் பக்கவாதம் தாக்கியது, புத்தியும் தடுமாறியது. குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் உடை மாற்றுவதும் மகனின் பொறுப்பாயின. பள்ளிப் படிப்பு அதோடு நின்றது. அவருடைய 19ஆம் வயதில் தாயார் மறைந்தார். ஆதரவற்ற ஒரு நோயாளியைப் பராமரிப்பது என்றால் என்ன என்பதை ஈதி கற்றுக்கொண்டது அந்த வீட்டில்தான்.

1947இல் குடும்பம் கராச்சிக்குப் பெயர்ந்தது. தெருவில் சில்லறைப் பொருள்கள் விற்றார். பின்னர் மொத்தத் துணிச் சந்தையில் தரகராக இருந்தார். சமூகத்துப் பெரியவர்கள் நடத்திய இலவச மருந்தகத்தில் தொண்டராகச் சேர்ந்தபோது ஒரு செய்தி அவரை உறுத்தியது. மேமன்களுக்கு மட்டுமே அங்கே மருந்து! கூட்டத்தில் எழுந்து எதிர்த்துப் பேசினார், வெளியேறினார். 1951இல் மீட்டாதரில் ஒரு சிறு கடையைப் பிடித்துத் தாமே மருந்தகம் தொடங்கினார். நள்ளிரவில் யாரேனும் வந்து கதவைத் தட்டினால் ஆள் இருக்க வேண்டுமே என்பதற்காக வாசலிலிருந்த சிமெண்ட் திண்ணையில் படுத்துறங்கினார். 1957இல் கராச்சியைக் கொடிய விஷக்காய்ச்சல் பீடித்தது. ஊருக்கு வெளியே கூடாரங்கள் அமைத்து அவர் பணி செய்ததைக் கண்ட வணிகர் ஒருவர் 20,000 ரூபாய் கொடுத்தார். அந்தப் பணத்தில் வாங்கிய பழைய வேன்தான் முதல் ஆம்புலன்ஸ். ஓட்டியவரும் அவரே.

மருந்தகத்தில் தாதிப் பயிற்சிக்கு வந்த இளம் பெண்களுள் ஒருவர் பில்கீஸ். அவரும் பாண்ட்வாவில் பிறந்தவர். ஈதியைவிட ஏறத்தாழ இருபது வயது இளையவர். 1960களின் நடுவில் இருவருக்கும் நிக்காஹ் நடந்தது. ஆம்புலன்ஸும் சாலை விபத்தும் ஜனாஸாவும் ஈதியின் பொறுப்பு என்றால், பிரசவ விடுதியும் பெண்களின் காப்பகமும் தொட்டில் குழந்தைகளும் பில்கீஸ் அம்மையாரின் ஆட்சிக்கு உட்பட்டவை. 1986இல் இருவருக்கும் சேர்த்தே மகசேசே விருது வழங்கப்பட்டது. பத்திரிகைகள் கணவரின் படத்தையே பெரிதாகப் போட்டன என்பது வேறு கதை.

தொட்டில் ஏன் தேவைப்பட்டது?

கேட்பாரற்ற பிணங்களை எடுத்துக் கழுவி, கஃபனிட்டு அடக்கம் செய்வது ஈதி தொடக்க நாளிலிருந்தே செய்துவந்த பணி. அந்தப் பணியில் குப்பைமேட்டிலும் சாக்கடையிலும் அவர் கையில் அகப்பட்டவற்றுள் பச்சிளஞ் சிசுக்களும் இருந்தன. பள்ளிவாசல் ஒன்றின் வாசலில் விடப்பட்ட சிசுவை, தவறான உறவில் பிறந்தது என்று கூறிக் கல்லெறிந்து கொன்ற கொடுமையையும் அவர் தம் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். எழுதவே கை கூசுகிறது. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத அந்த உயிர் செய்த குற்றம் என்ன என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. உயிரோடு புதைக்கப்பட்ட பெண் சிசுவைக் குறித்து மறுமையில் விசாரணை உண்டு என்பதை அத்தக்வீர் அத்தியாயத்தில் ஓதுகிற சமுதாயத்தில் இது நடந்தது.

தொட்டில் வைத்தவுடன் எதிர்ப்பு எழுந்தது. 'இது விபசாரத்துக்குத் துணைபோவதாகும், பாவத்தை மறைக்க வழிசெய்து கொடுப்பதாகும்' என்று மார்க்க அறிஞர் சிலர் கண்டித்தனர். ஈதி அசையவில்லை. பெற்றவர்கள் பாவம் செய்திருந்தால் அதற்கு அவர்கள் அல்லாஹ்விடம் பதில் சொல்வார்கள். குழந்தை யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டதன்று என்பது அவருடைய நிலை. மேலும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். தொட்டிலில் விடப்படுபவை எல்லாம் திருமணத்துக்குப் புறம்பே பிறந்தவை அல்ல. வறுமையினால் விட்டவர்கள் உண்டு. நான்காவதும் பெண் என்பதால் விட்டவர்கள் உண்டு. கையோ காலோ ஊனம் என்பதால் விட்டவர்களும் உண்டு. அங்கே வந்து சேர்பவற்றுள் பெரும்பாலானவை பெண் குழந்தைகளே. முறைப்படி நிக்காஹ் செய்து, விருந்து வைத்து, ஊரறிய வாழ்கிற வீடுகளிலிருந்தும் தொட்டிலுக்குக் குழந்தை வருகிறது என்பதைக் கண்டித்தவர்கள் எண்ணிப் பார்த்தார்களா, தெரியவில்லை.

குழந்தை கிடைத்தவுடன் முதல் வேலை மருத்துவம். பிழைத்துத் தேறிய பின் அதற்கொரு பெயர். அதன் பிறகு, பிள்ளையில்லாமல் ஏங்கும் தம்பதியருள் தகுதியானவரைத் தேடி ஒப்படைப்பது. இந்தக் கட்டத்தில்தான் தொட்டிலில் கேட்கப்படாத கேள்விகள் அனைத்தும் கேட்கப்பட்டன! குழந்தை வேண்டும் என்று வந்தவர்களைப் பில்கீஸ் அம்மையார் தாமே எதிரில் அமர்த்தி விசாரிப்பார். வருமானம் என்ன, வீடு எப்படி, கணவனின் நடத்தை எப்படி, வீட்டுப் பெரியவர்களுக்குச் சம்மதமா, நாளை சொந்தப் பிள்ளை பிறந்தால் இதை என்ன செய்வீர்கள் என்ற ரீதியில் அமையும் அந்த விசாரணை. மனத்துக்குத் திருப்தி இல்லையென்றால் கொடுக்க மாட்டார். கொடுத்த பின்னும் விசாரித்துக்கொண்டிருப்பார். ஒரு காசும் வாங்குவதில்லை.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தியை நினைவுகூரத் தோன்றுகிறது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா நூலில் இடம்பெறும் செய்தி அது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் ஒருவர் கைவிடப்பட்ட குழந்தை ஒன்றைக் கண்டெடுத்து, கலீஃபாவின் முன் கொண்டுவருகிறார். இதை ஏன் எடுத்தாய் என்று உமர் (ரலி) அவரிடம் கேட்கிறார்கள். அழிந்துபோகும் நிலையில் கிடந்தது, எடுத்தேன் என்கிறார் அவர். இவர் நல்ல மனிதர் என்று அவருடைய கூட்டத்தின் பொறுப்பாளர் சாட்சியம் கூறுகிறார். உடனே, குழந்தை சுதந்திரமானது, நீயே வளர்த்துக்கொள், அதன் செலவு எங்களைச் சார்ந்தது என்று உமர் (ரலி) தீர்ப்பளித்துவிடுகிறார்கள். அதாவது பைத்துல்மாலிலிருந்து செலவு. எடுத்தவரின் தகுதி பற்றி விசாரணை நடந்தது. பெற்றவள் யார், அவளைத் தேடிப் பிடியுங்கள் என்ற ஆணை அந்தச் செய்தியில் இல்லை. ஃபிக்ஹு நூல்களில் 'லகீத்' என்ற தலைப்பில், அதாவது கண்டெடுக்கப்பட்ட குழந்தையைப் பற்றி, தனி அத்தியாயமே உண்டு. அதை எடுத்துக் காப்பது சமுதாயத்தின் மீது ஃபர்ளு கிஃபாயா. ஒருவரும் எடுக்காவிட்டால் ஊரே குற்றவாளி. நம் மஹல்லாக்களில் ஜனாஸா தொழுகையைப் பற்றி இந்தச் சட்டம் எல்லாருக்கும் தெரியும். தொட்டில் குழந்தைக்கும் அதே சட்டம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்து வருவது பெயர்ச் சிக்கல். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயராலேயே அழைக்க வேண்டும் என்றும், தந்தையர் யாரெனத் தெரியாவிட்டால் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்றும் திருக்குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் வழிகாட்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வளர்ப்பு மகனாக இருந்த ஸைத் (ரலி), அதன் பிறகு மீண்டும் ஹாரிஸாவின் மகன் என்றே அழைக்கப்பட்டார். ஆகவே வளர்க்கலாம், வளர்ப்பது பெரும் நன்மை. ஆனால் வம்சத்தை மறைத்துத் தன் பிள்ளையாக எழுதிக்கொள்ளக் கூடாது. இது மார்க்கம் வகுத்த எல்லை. நடைமுறையிலோ அரசாங்கப் படிவம் தகப்பன் பெயரைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. இருபதாயிரம் அளவில் பிள்ளைகளுக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் என்ற இடத்தில் ஈதியின் பெயர் பதிவாகியிருந்தது என்று அவர் மறைந்தபோது செய்திகள் வந்தன. இல்லத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் தேசிய அடையாள அட்டைக்குத் தடுமாறினார்கள். பெற்றோர் அறியப்படாத பிள்ளைகளை இல்லத் தலைவரின் காப்பில் பதிவு செய்ய அந்நாட்டு அடையாள அட்டை ஆணையம் வழிசெய்தது 2014ஆம் ஆண்டில்தான். தொட்டிலில் தொடங்கிய பணி அலுவலகப் படிகளில் முடிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வளர்க்க விரும்பும் நம் தாய்மார்களுக்கு மற்றொரு தயக்கமும் உண்டு. பிள்ளை பெரியவனானால் ஹிஜாபு விஷயம் என்னாவது என்பது அது. இதற்கும் மார்க்கத்தில் வழி இருக்கிறது. பால்குடிப் பருவத்திலேயே வளர்ப்புத் தாயோ அவளுடைய சகோதரியோ பாலூட்டிவிட்டால் பால்குடி உறவு ஏற்பட்டு மஹ்ரமாகிவிடுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு ஐந்து முறை ஊட்டியிருக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அந்த எண்ணிக்கை இல்லை. சொத்தில் வாரிசு உரிமை வராது என்பது உண்மை. ஆனால் உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாக எழுதி வைப்பதையும், மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் செய்வதையும் எவரும் தடுக்கவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஈதியின் பதில் எளியது: தெருவிலிருந்து. நிதி தேவைப்பட்டபோது நடைபாதையில் அமர்ந்து கையேந்தினார். அரசாங்கத்திடம் வாங்குவதில்லை என்பது அவருடைய கொள்கை. ஜகாத், ஸதகா, ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானித் தோல்கள் ஆகியவை முக்கிய வருவாய். நம் ஊர்களிலும் குர்பானித் தோல் மதரஸாக்களுக்கும் அனாதை நிலையங்களுக்கும் போய்ச் சேர்வது வழக்கம்தானே. 2014 அக்டோபரில் ஆயுதம் ஏந்திய கும்பல் மீட்டாதர் அலுவலகத்தில் புகுந்து, தங்கத்தையும் பணத்தையும் கொள்ளையடித்துச் சென்றது. அதன் பிறகும் தொட்டில் வெளியிலேயே இருந்தது.

மறுத்த நன்கொடை ஒன்றும் உண்டு. வாய் பேசாத, காது கேளாத சிறுமி ஒருத்தி லாகூர் ரயில் நிலையத்தில் கண்டெடுக்கப்பட்டு ஈதி நிலையத்திற்கு வந்து சேர்ந்தாள். பில்கீஸ் அம்மையார் அவளுக்கு முதலில் ஃபாத்திமா என்று பெயர் வைத்தார். பின்னர் அவள் பெரியவர்களின் காலைத் தொட்டுக் கும்பிடுவதைக் கவனித்து, எல்லைக்கு அப்பால் உள்ள இந்துக் குடும்பத்துப் பிள்ளை என்று உணர்ந்தார். உடனே பெயரை மாற்றினார். அவள் தன் வழக்கப்படி வணங்குவதற்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். 2015 அக்டோபர் 26இல் அந்தப் பெண் புதுடில்லிக்குத் திரும்பினாள். உடன் வந்தார் பில்கீஸ் அம்மையார். இந்தியப் பிரதமர் அறிவித்த ஒரு கோடி ரூபாய் நன்கொடையை நன்றி கூறி ஈதி ஏற்க மறுத்துவிட்டார். தன் கையில் வந்த பிள்ளையின் வம்சத்தை மட்டுமல்ல, அதன் சமயத்தையும் அமானிதமாகக் காத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். 2021இல் மகாராஷ்டிர மாநிலத்தில் அவளுடைய தாய் கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது.

தொட்டில் நமக்கும் புதிதன்று. பெண் சிசுக் கொலை பெருகியிருந்த சேலம் மாவட்டத்தில் 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது; 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. இருப்பினும் நம் வீடுகளில் இன்னும் நடப்பது வேறு. எனக்குத் தெரிந்த தம்பதியர், பிள்ளையில்லாத ஏக்கத்தில், பிரசவ விடுதியில் வேலை பார்த்த ஒரு பெண் மூலம் இரவோடு இரவாகக் குழந்தையை வாங்கி வந்தார்கள். நல்ல எண்ணம்தான், குழந்தையையும் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார்கள். பள்ளியில் சேர்க்கும் நாள் வந்தபோது பிறப்புச் சான்றிதழ் இல்லை. அதற்காக ஒரு பொய், அதை மறைக்க இன்னொரு பொய். இன்றுவரை வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால் அந்தத் தாயின் முகம் வெளுத்துவிடுகிறது.

நம் நாட்டுச் சட்டம் இதற்கு இடமளிக்கவில்லை. கைவிடப்பட்ட குழந்தையைக் கண்டால் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். 1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்கலாம். பிள்ளையை வளர்க்க இயலாத தாய் அந்தக் குழுவின் முன் முறைப்படி ஒப்படைக்கலாம்; மனம் மாறித் திரும்பப் பெற அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. வளர்க்க விரும்புவோருக்கு 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் இருக்கிறது. வெள்ளையர் இயற்றிய அதே சட்டம்தான் பாகிஸ்தானிலும் இதற்குப் பயன்படுகிறது. எச்சமயத்தவரும் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தத்தெடுக்கலாம் என்று 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் அச்சட்டப்படி எடுத்தால் குழந்தை பெற்ற பிள்ளைக்குரிய எல்லா உரிமைகளோடும் எழுதப்படும். எந்த வழி தமக்குப் பொருந்தும் என்பதை ஓர் ஆலிமிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் கேட்டு முடிவு செய்வது நல்லது. இரவோடு இரவாக வாங்கி வருவது மட்டும் வேண்டாம்.

எல்லாத் தொட்டில் குழந்தைக்கும் வீடு கிடைத்துவிடவில்லை. ஊனமுற்ற பிள்ளைகளைத் தேடி வந்தவர்கள் மிகச் சிலரே. அவர்கள் ஈதி இல்லங்களிலேயே வளர்ந்தார்கள். அங்கேயே வளர்ந்த பெண்களுக்கு மாப்பிள்ளை பார்த்து, சீர் செய்து நிக்காஹ் முடித்து வைப்பதையும் பில்கீஸ் அம்மையார் தாமே செய்தார். கணவன் அடித்துத் துரத்திய பெண்கள், பிள்ளைகள் கைவிட்ட முதிய தாய்மார்கள், புத்தி பேதலித்துத் தெருவில் திரிந்தவர்கள் என்று அந்த இல்லங்களுக்கு வந்து சேர்ந்தவர்களும் ஏராளம். பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் ஒரே முறையில்தான் உறவு. 'அம்மி' என்றே அவரை அழைத்தார்கள்.

சிறுநீரகங்கள் செயலிழந்த நிலையில் ஈதியை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சிகிச்சை அளிக்க முன்வந்தார்கள். அவர் மறுத்து, உள்நாட்டிலேயே இருந்துவிட்டார். 2016 ஜூலை 8ஆம் நாள் காலமானார். பல ஆண்டுகளுக்கு முன் தாமே தோண்டி வைத்திருந்த கப்ரில் அடக்கம் செய்யப்பட்டார். கண்கள் மட்டும் அவர் விரும்பியபடி தானமாகப் போயின. பில்கீஸ் அம்மையார் 2022 ஏப்ரல் 15ஆம் நாள், ரமளான் மாதத்தில், கராச்சி மருத்துவமனையில் மறைந்தார். பணிகளை இப்போது நடத்துபவர் மகன் ஃபைஸல். தந்தை செய்ததுபோல் தொட்டிலை இரவிலும் வெளியிலேயே வைத்திருக்கிறார்.